வாசகர் கேள்வி, பட்டறை பதில்: கேம்பேட் வாங்கும் முன்

போன இதழில் கீபோர்டு பற்றி எழுதும்போது, "கேம்பேட் பற்றி ஒருநாள் பேசுவோம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். கீபோர்டுக்கு வந்ததைவிட அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் அதிகம். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே: கேம் ஆட இரண்டு கையாலும் பிடிக்கும் கேம்பேட், அதாவது கன்ட்ரோலர்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: மதுரையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. 2004-ல் பிரவுசிங் சென்டராகத் தொடங்கினேன். செல்போன் வந்து பிரவுசிங்கை விழுங்கியதும், அதே மேஜை நாற்காலியை வைத்துக்கொண்டு ரிப்பேர் வேலைக்கு மாறிவிட்டேன். கேம்பேட் விற்பது என் தொழில் இல்லை. கெட்டுப்போனதைத் திறந்து பார்ப்பதுதான் தொழில். என் பதில்களில் பெட்டியின் அழகைவிட உள்ளே இருக்கும் சங்கதிகள் அதிகம் வந்தால் அதுதான் காரணம்.

கரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, 350 ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக் வாங்கினேன். சொருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, விண்டோஸிலும் பெயர் காட்டுகிறது. ஆனால் கேமுக்குள் போனால் ஒரு பட்டன்கூட வேலை செய்யவில்லை. கடைக்காரர், "பீஸ் நல்ல பீஸ்தான் தம்பி" என்கிறார். 2,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்றால் எதை வாங்குவது? நான் ஆடுவது கால்பந்தும் கார் பந்தயமும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, தம்பி. பீஸ் நல்லதுதான். அது பேசும் பாஷைதான் உங்கள் கேமுக்குத் தெரியவில்லை.

விண்டோஸில் கேம்பேடுகள் பேச இரண்டு முறைகள் உண்டு. தொண்ணூறுகளிலிருந்து இருப்பது டைரக்ட்-இன்புட். அதில் பட்டன்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: 1, 2, 3, 4. கோலுக்கு அடிக்க எந்த எண், பாஸ் கொடுக்க எந்த எண் என்று ஒவ்வொரு கேமிலும் நாமே உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற தன் கேம் மெஷின் வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்-இன்புட் என்று இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. இதில் எல்லாம் முன்பே முடிவானது. ஏ, பி, எக்ஸ், ஒய் என்று நான்கு பட்டன், கட்டைவிரலால் தள்ளும் இரண்டு அனலாக் ஸ்டிக், மேலே சுட்டுவிரலுக்கு இரண்டு பம்பர் பட்டன், அதன் கீழே உள்ளே அழுத்தும் இரண்டு ட்ரிக்கர். எந்தக் கம்பெனி பேடாக இருந்தாலும் ஏ என்றால் ஏதான். கேம் எழுதுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மெல்ல மெல்லப் பல கேம்கள் பழைய முறையை எட்டிக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டன. உங்கள் 350 ரூபாய் பேட் பழையதை மட்டும் பேசுகிற ரகம்.

தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். முதலாவது, பேடின் நடுவில் இருக்கும் பட்டனை ஐந்து, ஆறு விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில பேடுகளில் இரண்டு முறையும் இருக்கும், இந்த அழுத்தத்தில் மாறிக்கொள்ளும். சிலவற்றில் பின்பக்கம் எக்ஸ், டி என்று எழுதிய சின்ன சுவிட்ச் இருக்கும். இரண்டாவது, கேம் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியது என்றால், ஸ்டீம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் அந்த பேடை அறிமுகப்படுத்துங்கள். ஸ்டீம் நடுவில் நின்று மொழிபெயர்த்துக் கொடுக்கும். நடு பட்டனை அழுத்தி ஓசியில் பிழைத்த பேடுகள் என் மேஜையிலேயே நிறைய. அதற்கெல்லாம் காசு வாங்க மனசு வராது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இரண்டும் சரிவரவில்லையா? அப்புறம் புதுசுதான். நீங்கள் கார் பந்தயம் என்று எழுதியதால் ட்ரிக்கரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மலிவு பேடுகளில் ட்ரிக்கர் இருக்கும் இடத்தில் இருப்பது வெறும் பட்டன். அழுத்தினால் முழு ஆக்ஸிலரேட்டர், விட்டால் பூஜ்யம். வளைவில் காலை லேசாகத் தூக்குவது போன்ற வித்தையெல்லாம் அதில் நடக்காது. அனலாக் ட்ரிக்கர் என்றால் கால்வாசி அழுத்தினால் கால்வாசி வேகம். வாங்கும்போது ட்ரிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். நன்றாக உள்ளே போய், வழியெங்கும் ஸ்பிரிங் எதிர்ப்பு தெரிய வேண்டும். கிளிக் என்று உடனே நின்றால் அது பட்டன்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை. விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். பட்டியலில் உங்கள் பேட் 'எக்ஸ்பாக்ஸ் 360' என்ற பெயரோடு தெரிந்தால் எக்ஸ்-இன்புட்டில் இருக்கிறது என்று அர்த்தம். பிராப்பர்ட்டீஸுக்குள் போனால் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்க்கலாம். அங்கே இரண்டு ட்ரிக்கரும் ஒரே கோட்டில் எதிரெதிராக அசைவதைப் பார்த்து, "பேட் கோளாறு" என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். அந்தப் பழைய ஜன்னல் அப்படித்தான் காட்டும். கேமுக்குள் இரண்டும் தனித்தனியாகவே வேலை செய்யும்.

2,000 ரூபாய்க்குள் என்றால் வயர் உள்ளதையே வாங்குங்கள். காஸ்மிக் பைட், ரெட்கியர், ஈவோஃபாக்ஸ் மாதிரி இங்கே எளிதில் கிடைப்பவற்றில், எக்ஸ்-இன்புட் என்றும் அனலாக் ட்ரிக்கர் என்றும் பெட்டியில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதே காசுக்கு வயர் இல்லாததும் கிடைக்கும். ஆனால் பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் போகிற பணம் வேறு எங்கோ குறைந்திருக்கும். அது பெரும்பாலும் ஸ்டிக்கில்தான் குறைந்திருக்கும்.

விருதுநகரிலிருந்து ஒரு தாயார்: என் மகன் எட்டாம் வகுப்பு. போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த கன்ட்ரோலரில் அவன் கை வைக்காமலே பொம்மை தானாக இடது பக்கம் நடக்கிறது. கம்ப்யூட்டரில் வைரஸ் என்று அவன் அப்பா சொல்கிறார். புதிது வாங்கச் சொல்லி அழுகிறான். ரிப்பேர் ஆகுமா?

வைரஸ் இல்லை அம்மா. இதன் பெயர் டிரிஃப்ட். என் பட்டறைக்கு வரும் கேம்பேடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வியாதியோடுதான் வருகின்றன.

உங்கள் வீட்டில் பழைய ரேடியோ இருந்திருந்தால் நினைவிருக்கும். நாலைந்து வருஷம் ஆனதும் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம் வரும். ஒரு இடத்தில் திடீரென்று அலறும், கொஞ்சம் நகர்த்தினால் அடங்கிப்போகும். அந்தக் குமிழுக்குள் ஒரு கரிப்பட்டை, அதன் மேல் உரசிக்கொண்டு போகும் ஒரு உலோக நாக்கு. நாக்கு எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் சத்தம் கூடும், குறையும். உங்கள் மகன் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கின் அடியிலும் அதே சாமான்தான், சின்ன சைஸில் இரண்டு இருக்கிறது. ஒன்று மேல்-கீழ் பார்க்கும், மற்றது இடம்-வலம் பார்க்கும். ஆட ஆடக் கரி தேய்கிறது, தூள் படிகிறது. ஸ்டிக் நடுவில் நின்றாலும், "கொஞ்சம் இடது பக்கம் இருக்கிறேன்" என்று பொய்க் கணக்குச் சொல்கிறது. பொம்மை நடக்கிறது.

செலவில்லாத வைத்தியம் முதலில். கேமின் செட்டிங்ஸில் டெட்சோன் என்று ஒன்று இருக்கும். நடுவைச் சுற்றி இவ்வளவு தூரம் அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று கேமுக்குச் சொல்வது அது. கொஞ்சம் கூட்டினால் நடை நின்றுவிடும். நோய் போகாது, வெளியே தெரியாது, அவ்வளவுதான். சில மாதங்கள் ஓட்டலாம்.

அடுத்து, கான்டாக்ட் கிளீனர். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஸ்பிரேயாகக் கிடைக்கும். பேடின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து, இடுக்கில் லேசாக அடித்து, நாலு பக்கமும் சுழற்றிவிட்டு, நன்றாகக் காயவிட வேண்டும். தூள் படிந்ததுதான் காரணம் என்றால் பலன் கிடைக்கும். கரியே தேய்ந்திருந்தால் கிடைக்காது. தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஊற்றிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அந்த பேடைத் திறந்தால் பட்டறையே தாளிப்பு வாசம் அடிக்கும். வேண்டாம்.

மூன்றாவது, ஸ்டிக் பகுதியையே மாற்றுவது. சாமான் மலிவுதான், வேலைதான் சள்ளை. ஒரு ஸ்டிக்கைக் கழற்ற 14 இடத்தில் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்க வேண்டும். அதில் ஒன்று சரியாக விடாவிட்டாலும், இழுக்கும்போது போர்டின் செம்புத் தடம் உரிந்து கையோடு வந்துவிடும். என்னுடைய முதல் இரண்டு பேடுகள் அப்படித்தான் போயின. ஒன்று என் சொந்தப் பேட், பரவாயில்லை. இன்னொன்று பக்கத்துத் தெருப் பையனுடையது. புதிது வாங்கிக் கொடுத்தேன். ரிப்பேர் கூலி பேடின் விலையில் பாதியைத் தாண்டும் என்றால் செய்யாதீர்கள்.

புதிது வாங்குவதாக முடிவு செய்தால், ஸ்டிக்கில் ஹால் எஃபெக்ட் சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 1879-ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த சமாச்சாரம் இது. மின்சாரம் ஓடும் தகட்டின் பக்கத்தில் காந்தம் வந்தால் தகட்டின் குறுக்கே ஒரு சின்ன வோல்டேஜ் பிறக்கும். அதை அளந்தால் காந்தம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்டிக்கின் காலில் ஒரு காந்தம், எதிரே ஒரு சென்சார், இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. தொடாத பொருள் எப்படித் தேயும்? புது விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். 1998-ல் வந்த செகா ட்ரீம்காஸ்ட் என்ற கேம் மெஷினின் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. நடுவில் எல்லோரும் மலிவான கரிப்பட்டைக்குப் போய்விட்டு, இப்போதுதான் திரும்பி வருகிறார்கள். டி.எம்.ஆர். என்று போட்டிருந்தாலும் வாங்கலாம். அதுவும் காந்த வகைதான், மின்சாரம் இன்னும் குறைவாக இழுக்கும். எயிட்பிட்டூ, கேம்சர், கூலிகிட் முதலிய கம்பெனிகள் இந்த வகையில் பேடுகள் போடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸும் எக்ஸ்பாக்ஸின் சாதாரண கன்ட்ரோலரும் ஐயாயிரத்துக்கு மேல் விலை வைத்தும் உள்ளே அதே கரிப்பட்டையோடுதான் வருகின்றன.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் 'ஹால் எஃபெக்ட்' என்று பெரிதாக இருக்கும். சின்ன எழுத்தைப் படித்தால் ட்ரிக்கரில் மட்டும் என்று இருக்கும். நானே ஒருமுறை அப்படி ஏமாந்தேன். திறந்து பார்ப்பதுதான் என் தொழில், ஆனால் வாங்குவதற்கு முன்னால் திறக்க விடமாட்டார்களே. ஸ்டிக்கிலும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மகன் அழட்டும், டெட்சோனை வைத்து அரைப் பரீட்சை வரை ஓட்டலாம்.

சேலத்திலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர்: வாலரன்ட் என்ற சுடும் கேம் ஆட எந்த கேம்பேட் நல்லது?

எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் வாலரன்ட் கேம்பேடை ஏற்றுக்கொள்வதே கிடையாது. நல்ல மவுஸ் வாங்குங்கள். பரீட்சை முடிந்த பிறகு.

ஓசூரிலிருந்து ஒரு ஐ.டி. ஊழியர்: லேப்டாப்பை ஹாலில் உள்ள டி.வி.யில் இணைத்து, சோபாவில் உட்கார்ந்து ஆடுகிறேன். ப்ளூடூத் கன்ட்ரோலரில் பட்டனை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். யு.எஸ்.பி.யில் சொருகும் டாங்கிள் உள்ளதாக மாற்றலாமா, வயர்தான் நல்லதா?

மாற்றுவதற்கு முன் டி.வி. ரிமோட்டை எடுத்து, பிக்சர் செட்டிங்ஸில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள் சார். படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று டி.வி. ஒவ்வொரு படத்தையும் பிடித்து வைத்து வேலை செய்துவிட்டுத்தான் வெளியே விடும். சில டி.வி.க்களில் அது 50 மில்லி விநாடியைத் தாண்டிப் போகும். கேம் மோட் போட்டால் அந்த ஒப்பனையெல்லாம் நின்றுவிடும். கன்ட்ரோலர் பக்கம் கணக்கைப் பார்த்தால், விநாடிக்கு 125 முறை தகவல் அனுப்பும் சாதாரண பேடுக்கும் 1,000 முறை அனுப்பும் விலையுயர்ந்த பேடுக்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் 7 மில்லி விநாடி. சோபாவில் சாய்ந்து ஆடுகிற நமக்கு அது உறைக்காது. பெட்டியில் 1,000 ஹெர்ட்ஸ் என்று போட்டு அதற்காக ஆயிரம் ரூபாய் கூட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கேம் மோட் போட்டும் தாமதம் தெரிந்தால் ப்ளூடூத்தைச் சந்தேகிக்கலாம். பேடோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் பொதுவாக அதைவிடச் சீரானது. ஆனால் அதை லேப்டாப்பின் நீல நிற யு.எஸ்.பி. 3 வாயில், ஹார்ட்டிஸ்க்குக்குப் பக்கத்தில் சொருகாதீர்கள். யு.எஸ்.பி. 3 ஓடும்போது கிளப்பும் இரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து விழும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மட்டும் ஒரு அடி தள்ளி வையுங்கள். என்னிடம் வந்து, "சிக்னல் விட்டு விட்டு வருகிறது" என்றவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேபிள்தான் மருந்து.

பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரை யாரிடமாவது செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. 2016-க்கு முந்தைய மாடல்களில் ப்ளூடூத் கிடையாது. கண்டுபிடிப்பது சுலபம். நடுவில் உள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் முன்முகத்தோடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேலே பம்பரோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: அண்ணன் வெளிநாட்டிலிருந்து பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலர் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் போடலாமா?

தாராளமாக. ஸ்டீம் வழியாக ஆடினால் வயரிலும் ப்ளூடூத்திலும் வேலை செய்யும். ஒரே தொல்லை, கேம் திரையில் "ஏ-யை அழுத்து" என்று வரும், உங்கள் கையில் இருப்பதோ பெருக்கல் குறியும் வட்டமும். இரண்டு நாளில் பழகிவிடும், கட்டைவிரலுக்கு எழுத்துத் தெரியாது. நிண்டெண்டோ பேடுதான் நிஜமாகவே குழப்பும். அதில் ஏ-யும் பி-யும் இடம் மாறியிருக்கும், எக்ஸும் ஒய்யும்கூட. சரி என்று அழுத்தினால் ரத்தாகிவிடும். ஸ்டீமில் அதை மாற்றிப் போட வழி இருக்கிறது.

டூயல்சென்ஸில் வில் இழுப்பது போல ட்ரிக்கர் இறுகும் வித்தை இருக்கிறதே, அது ஆதரவு தரும் கேம்களில்தான் கிடைக்கும். கம்ப்யூட்டரில் பெரும்பாலும் வயர் போட்டால்தான் வேலை செய்யும். ஓசியில் வந்ததால் அனுபவியுங்கள். அதற்காகவே காசு கொடுத்து வாங்க நான் சொல்லமாட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு ஹார்பர் ஊழியர்: எனக்கு 48 வயது. சின்ன வயதில் காசு போட்டு ஆடும் மெஷினில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடியவன். இப்போது கம்ப்யூட்டரில் ஆட ஆசை. ஆனால் ஸ்டிக்கில் அந்த நெருப்புப் பந்து வரமாட்டேன் என்கிறது. வயதாகிவிட்டதா, பேட் சரியில்லையா?

வயதைக் குறை சொல்லாதீர்கள் சார், உங்கள் செட்டுதான் நானும். நெருப்புப் பந்துக்குப் போட வேண்டிய வரிசை: கீழே, கீழ்-முன் மூலை, முன்னே, குத்து. இந்தக் கால்வட்டத்தை அனலாக் ஸ்டிக்கில் போட்டால் விரல் எங்கே நிற்கிறது என்று விரலுக்கே தெரியாது. இதற்குச் சிலுவை வடிவத் திசைப் பட்டனான டி-பேட்தான் வேண்டும். நிண்டெண்டோவின் குன்பெய் யோக்கோய் 1982-ல் ஒரு கையடக்க டாங்க்கி காங் கேமுக்காக அமைத்தது அது. அடுத்த ஆண்டு அதே கம்பெனியின் ஃபேமிகாம் என்ற கேம் மெஷினில் வந்தது. அதன் நகல்களில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் கேசட் போட்டு விளையாடினார்கள். நாற்பது வருஷமாக அதை யாராலும் பெரிதாக மாற்ற முடியவில்லை.

ஆனால் எல்லா டி-பேடும் ஒன்றில்லை. மலிவானவற்றில் மூலைகள் சரியாகப் பதியாது, அல்லது முன்னே அழுத்தும்போது மேலேயும் சேர்ந்து பதிந்து ஆள் தேவையில்லாமல் குதிப்பான். வாங்கும்போது கட்டைவிரலை வைத்து வட்டமாக உருட்டிப் பாருங்கள். எட்டுத் திசையும் தட்டுத் தட்டாகத் தெரிய வேண்டும், நடுவில் ஒரு மேடு இருந்து மொத்தமும் அதன் மேல் ஆட வேண்டும். இன்னொன்று, டி-பேட் இருக்கும் இடம். எக்ஸ்பாக்ஸ் மாதிரியில் அது கீழே உள்ளே இருக்கும், கட்டைவிரலை மடக்கிப் பிடிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் மாதிரியில் மேலே, கட்டைவிரல் இயல்பாக விழும் இடத்தில் இருக்கும். சண்டை கேம்தான் பிரதானம் என்றால் இரண்டாவதே நல்லது. கார், கால்பந்து ஆடுகிறவர்களுக்கு முதலாவது. எயிட்பிட்டூ கம்பெனியின் பழைய பாணிப் பேடுகளின் டி-பேட் எனக்குப் பிடித்தவற்றில் ஒன்று.

அந்தக் கால மெஷினில் இருந்த மாதிரியே பெரிய கட்டையும் ஆறு பட்டனும் வைத்த பெட்டிகளும் விற்கிறார்கள். விலை அதிகம். மடியில் வைத்து ஆடினால் வீட்டில் சிரிப்பார்கள். எனக்கு ஒன்று இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை: ஒன்பது வயது மகளுக்கு வாங்க வேண்டும். கலர் கலராக லைட் எரிவதுதான் வேண்டுமாம்.

லைட் பேட்டரியைத் தின்னும், வேறு கெடுதல் இல்லை. அவள் ஆசை அது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு கையாலும் பிடித்து, பிடியை விடாமல் சுட்டுவிரல் ட்ரிக்கரின் அடி வரை அழுத்துகிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் கைக்குச் செய்ததைக் குழந்தைகள் நுனிவிரலால் இழுத்து இழுத்து மணிக்கட்டை நோகடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் கச்சிதமான பேட் அவளுக்குப் போதும்.

திருப்பூரிலிருந்து ஒரு அக்கா: என் தம்பிக்கு 24 வயது. போன வருஷம் கட்டிங் மெஷினில் வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போய்விட்டன. முன்பு நண்பர்களோடு ராத்திரியில் கால்பந்து கேம் ஆடுவான். இப்போது அவர்கள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறான். அவன் ஆடுகிற மாதிரி ஏதாவது கன்ட்ரோலர் இருக்கிறதா?

இருக்கிறது அம்மா. மைக்ரோசாஃப்ட் 2018-ல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்று ஒன்றை வெளியிட்டது. மேலே உள்ளங்கை அளவுக்கு இரண்டு பெரிய பட்டன், பின்னால் ஹெட்போன் குத்துவது போன்ற 3.5 மில்லிமீட்டர் ஓட்டைகள் 19. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பட்டனின் வேலை. தனியாக ஒரு சுவிட்சை அதில் குத்தி, காலிலோ முழங்கையிலோ எங்கே வசதியோ அங்கே வைத்துக்கொள்ளலாம். சோனியும் 2023-ல் ஆக்சஸ் என்ற பெயரில் தன் பிளேஸ்டேஷனுக்காக ஒன்று கொண்டுவந்தது. அருமையான சாமான்கள்தான். ஆனால் கன்ட்ரோலருக்கு ஒரு விலை, சுவிட்சுகளுக்குத் தனி விலை என்று கூட்டினால் கை சுடும். அங்கே போவதற்கு முன் இருப்பதை வைத்து முயன்று பார்க்கலாம்.

தம்பிக்கு இடது கை முழுசாக இருக்கிறது, வலது கையில் மூன்று விரல் இருக்கிறது. அதாவது இடது ஸ்டிக், இடது பம்பர், இடது ட்ரிக்கர் எல்லாம் அவன் வசம். ஆள் ஓடுவதிலும் திரும்புவதிலும் பிரச்சினை இல்லை. போனது வலது கட்டைவிரல் அழுத்தும் நான்கு பட்டனும், சுட்டுவிரல் அழுத்தும் பம்பரும் ட்ரிக்கரும். பின்பக்கம் கூடுதல் பட்டன் வைத்த பேடுகள் இப்போது 3,000 ரூபாய்க்குள்ளேயே வருகின்றன. அந்தப் பட்டன்களுக்கு நாம் விரும்பும் வேலையைக் கொடுக்கலாம். வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் பின்னால் வளைந்து பிடிக்கும் இடத்தில்தான் அவை இருக்கும். பாஸையும் ஷாட்டையும் அங்கே கொண்டுபோய்விட்டால் பாதி ஆட்டம் வந்துவிட்டது. வேக ஓட்டத்தை இடது ட்ரிக்கருக்கு மாற்றிவிடலாம், பெரும்பாலான கால்பந்து கேம்களில் பட்டனை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு.

மீதி வேலைகளுக்குக் கால். இங்கே ஒருவருக்கு இதே மாதிரி செய்து கொடுத்திருக்கிறேன். பழைய வயர் பேட் ஒன்றைத் திறந்தால், ஒவ்வொரு ரப்பர் பட்டனுக்கும் அடியில் போர்டில் இரண்டு கறுப்புப் பரப்பு இருக்கும். ரப்பர் அமுங்கி இரண்டையும் சேர்த்தால் பட்டன் அழுந்தியதாக அர்த்தம், அவ்வளவுதான் அதன் ரகசியம். அந்த இரண்டிலிருந்தும் இரண்டு வயரை வெளியே இழுத்து எந்த சுவிட்சில் வேண்டுமானாலும் கட்டலாம். கறுப்பாக இருப்பது கரி, அதில் ஈயம் ஒட்டாது. பக்கத்தில் ஓடும் தடத்தின் பச்சைப் பூச்சை பிளேடால் சுரண்டி, செம்பு தெரிந்ததும் அங்கே சோல்டர் செய்ய வேண்டும். நான் அன்று வைத்தது காலிங் பெல் சுவிட்ச். அதை ஒரு மரப்பலகையில் சாய்வாகப் பொருத்தி, அடியில் சைக்கிள் டியூப் ஒட்டிவிட்டேன், டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்க. முதல் நாள் அவர் கால் வைத்த வேகத்தில் சுவிட்ச் உடைந்துபோனது. இரண்டாவது முறை தையல் மெஷின் மோட்டாரின் மிதியைக் கழற்றிப் போட்டேன், இன்னும் உழைக்கிறது. உங்கள் ஊரில் அந்த மிதிக்குப் பஞ்சமா?

ஒரு பழைய வயர் பேட் போதும், ஸ்டிக் டிரிஃப்ட் ஆனதாக இருந்தாலும் பரவாயில்லை, எக்ஸ்-இன்புட்டாக மட்டும் இருக்கட்டும். அனுப்பி வையுங்கள். கூடவே தம்பியிடம் கேட்டு எழுதுங்கள்: காலுக்கு வேண்டியது ஷாட்டா, பாஸா? வலது காலா, இடது காலா? அவன் செருப்பு சைஸையும் சேர்த்து எழுதிவிடுங்கள், பலகை வெட்ட வேண்டும்.